செத்த இறாலின் நிறம்

இந்த நாட்டில் சுவருக்குப் பூசும் வெள்ளைக்குக்கூடச் சாப்பாட்டுப் பெயர்தான் வைக்கிறார்கள். சிட்னியின் மேற்குப் பக்கத்தில், வீடு கட்டும் சாமான்கள் விற்கிற பெரிய கடையொன்றில் பெயின்ற் கலக்குவது என் வேலை. வனிலா, தேங்காய்ப்பால், ஓட்ஸ் கஞ்சி, முட்டை ஓடு என்று வெள்ளையிலேயே அலுமாரி நிறைய நிறங்கள் இருக்கின்றன. பழைய சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு செதிலை ரிஷ்யூவில் சுற்றி, நற்கருணை அப்பத்தை ஏந்துவதுபோல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஆட்கள் வருவார்கள். "இதே நிறம் வேண்டும். சரியாக இதே நிறம்." இடிந்த சுவர்களின் நாட்டிலிருந்து வந்தவள் நான். அந்தச் செதிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு துளி கறுப்பு, அரைத்துளி மஞ்சள், ஊசிமுனைச் சிவப்பு. பதினாறு வருடமாக அடுத்தவர் வீட்டு நிறத்தைப் பொருத்திக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

தூண்டில் கடைக்குள் நான் முதன்முதலாகப் போனபோது அதே மாதிரி நிறங்களின் சுவரொன்று எதிரே நின்றது. தரையிலிருந்து கூரைவரை சின்னச்சின்னப் பிளாஸ்ரிக் பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இறப்பர்போல நெளிகிற பொய்ப் புழுக்கள், பொய் மீன்குஞ்சுகள், பொய் இறால்கள். அவற்றுக்கும் தர்ப்பூசணி, பூசணி விதை, கறுவா என்றுதான் பெயர்கள். பையைத் திறந்தால் பெருஞ்சீரக வாசம் வரும். மீனுக்கு அது பிடிக்குமாம். பாஸ் என்கிற ஆற்று மீனை ஏமாற்றுவதற்கு இவ்வளவு பெரிய சமையலறை. இதில் எந்தக் கறி சரியான கறி என்பதை நான் அறிந்தாக வேண்டியிருந்தது. மீன் பிடிக்க எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. எனக்கு இருந்தது ஆத்திரம்.

அந்த ஆத்திரம் தொடங்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வசிக்கிற கிரவீன் என்ற புறநகரிலும் அதைச் சுற்றியும் இருக்கிற எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெப்பியன் ஆற்றங்கரைக்குப் போவோம். நானும் கணவர் யூட்டும் சனி மாலைப் பூசையை முடித்துவிட்டு மறுநாள் அதற்குத் தயாராவோம். ஆண்கள் தூண்டில் போடுவார்கள். பெண்கள் காஸ் அடுப்பு, சட்டி, பிளாஸ்ரிக் கோப்பைகளோடு மரத்தடியில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீளமான மீனைப் பிடித்தவருக்கு மடக்குக் கதிரை. மற்ற எல்லோரும் புல்லில். கதிரையில் இருப்பவர் ஒரு பெயரைச் சொல்வார். பெயர் சொல்லப்பட்டவர் அன்று பிடித்த அத்தனை மீனையும் முகம் சுளிக்காமல் வெட்டிக் கழுவிக் கொடுக்கவேண்டும். தூண்டில் போட்டுத் தோற்றவர்களுக்குள் நடக்கிற பகிடி இது. புல்லில் இருந்த பெண்களின் பெயரை அதுவரை யாரும் சொன்னதில்லை.

கதிரையில் பெரும்பாலும் சபேசன் அண்ணைதான் இருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், இளைப்பாறிய கணக்காளர், கூட்டத்தைத் தொடங்கியவர். கோடைக்காலம் நெருங்கிய அந்த நவம்பர் ஞாயிறும் அவர்தான் இருந்தார். வாளியில் பதினொரு மீன்.

"அண்ணை, இண்டைக்கு ஆரின்ர தலையிலை கட்டப் போறியள்?" என்று ஒருவர் கேட்டார்.

சபேசன் அண்ணை அவசரப்படவில்லை. தோற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவர்களைத் தாண்டி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"மெற்றில்டாவிட்டைக் குடுங்கோ. உங்கட ஆக்களுக்கு உது பிறக்கேக்கையே தெரியுமெல்லே, என்ன பிள்ளை?"

சிலர் சிரித்தார்கள். சிலர் ஆற்றைப் பார்த்தார்கள். 'உங்கட ஆக்கள்' என்ற இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது அந்த மரத்தடியில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எந்தக் கரையில் எந்தச் சாதி வலை இழுத்தது, யார் யாருடைய முற்றத்தோடு நிற்கவேண்டும் என்ற பழைய பட்டியல் முழுவதும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ என்று நிறுத்து ஏற்றினார்கள். அந்தப் பட்டியலை மட்டும் யாரும் நிறுக்கவில்லை. உண்மையில் என் அப்பா மன்னாரில் தபாற்கந்தோரில் முத்திரை குத்தியவர். எங்கள் வீட்டுக்கு மீன் வெட்டித்தான் வரும். சிட்னிக்கு வந்த பிறகு கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்து, இரண்டு விரலில் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு மீன் வெட்டப் பழகியவள் நான். அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், வலை இழுத்தவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சியது போலாகியிருக்கும்.

நான் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுந்து போய்க் கத்தியை எடுத்தேன்.

பதினேழு வயதில் உயர்தரம் படிக்க யாழ்ப்பாணம் போயிருந்தபோது, ஒரு தோழி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஐந்து பெண்கள் போனோம். நான்கு பேருக்குத் தேத்தண்ணி கண்ணாடிக் கோப்பையில் வந்தது. எனக்குப் பிளாஸ்ரிக் கோப்பையில் வந்தது. குடித்து முடித்ததும் தோழியின் தாய் என் கோப்பையை மட்டும் கிணற்றடியில் வைக்கச் சொன்னார். வெயிலில் வெளிறிய இளஞ்சிவப்பு. விளிம்பில் மட்டும் பழைய நிறம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அந்த நிறத்தைக் கலந்து தருவேன். அந்த வீட்டிலும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆற்றங்கரையில் ஒவ்வொரு மீனாகக் கிழித்தேன். கை தன் வேலையைச் செய்தது. கண் தன் தொழிலைச் செய்தது. மூன்றாவது மீனின் இரைப்பையைத் திறந்தபோது உள்ளே அரை விரல் நீளத்தில் இறால்கள் இருந்தன. நான்காவதிலும் இறால். ஐந்தாவதில் சேற்று நிறக் குட்டி மீன் ஒன்று, பிறகும் இறால். அந்த மரத்தடியில் இருந்த யாரும் இதைப் பார்க்கவில்லை. பெயர் விழுந்து மீன் வெட்டிய ஆண்களும் குடலை வழித்து எறிந்தார்களே தவிர, திறந்து பார்க்கவில்லை. இந்த மீன் என்ன தின்கிறது, அது என்ன நிறம் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அவமானப்படுத்தக் கொடுத்த வாளியில் அவர் ஆயுதத்தையும் போட்டுக் கொடுத்திருந்தார். அன்று பதினொரு மீனையும் மிக நன்றாகவே கழுவிக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில், பின்சீற்றில் இருந்த மகள் ஜெனி காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். "அம்மா, ஹூ ஆர் 'உங்கட ஆக்கள்'?"

நான் ரிஷ்யூ எடுத்து விரல்களைத் துடைத்தேன். யூட் வீதியைப் பார்த்தபடியே சொன்னார், "இனி உதுக்குப் போகாம விடுவம், மெற்றி. என்னத்துக்கு?"

"போகாம? போகாமல் விட்டால் ஆரோடை கதைக்கிறது? பெயின்ற் ரின்னோடையோ?"

"அப்ப என்ன செய்யப் போறாய்?"

"அந்தக் கதிரையிலை இருக்கப் போறன். இருந்து அந்தாளின்ர பேரைச் சொல்லப் போறன்."

யூட் சிரிக்கவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ.

இப்படித்தான் நான் அந்தப் புழுச் சுவரின் முன்னால் வந்து நின்றேன். கடைக்காரர் தாடி வைத்த வெள்ளையர், நல்ல மனிதர். "கணவருக்குப் பரிசா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. ஒரு எதிரிக்கு."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் நகைச்சுவை சொல்வதாகவே கடைசிவரை நம்பினார். சிரிப்பு முடிய, ஆற்றில் மீன் எதைத் தின்கிறதோ அதன் நிறத்தையும் அளவையும் பொருத்துவதுதான் முழு இரகசியம் என்றார். எனக்கு இரகசியம் ஏற்கெனவே தெரியுமே! இரைப்பைக்குள் பார்த்த இறாலின் நிறத்தைச் சுவரில் தேடி எடுத்தேன். பால் கலந்த இளஞ்சிவப்பு, முதுகில் மெல்லிய செம்மஞ்சள். இரண்டு பை. ஈயத்தலை வைத்த தூண்டில் கொக்கிகள், ஒரு தூண்டில் தடி. மீன்பிடி அனுமதியையும் இணையத்தில் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் முழுவதும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. மாலை வேலை இருக்கிற நாட்களில் விடியவே ஆற்றுக்குப் போவேன். சவுக்கு மரங்களின் நிழல் தண்ணீரில் கிடக்கும். விழுந்து கிடக்கும் மரங்களின் ஓரத்தில் எறிவேன், அமிழவிடுவேன், இழுப்பேன். எறியும்போது ஒவ்வொரு முறையும் அவர் பெயரைச் சொன்னேன். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. நாயோடு நடக்கிற ஒரு முதிய பெண் நான் செபம் சொல்வதாக நினைத்து நின்று தலைகுனிந்துவிட்டுப் போனார். ஜனவரியிலும் ஒன்றுமில்லை. மீன் பின்தொடர்ந்து வரும், அருகில் வந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். என் புழுவுக்கு முன்னால் வந்து முகத்தைத் திருப்புகிற மீனின் முகத்தில் எனக்குத் தெரிந்த முகங்களையெல்லாம் கண்டேன்.

பெப்ரவரியில் ஒரு நாள், இடியப்ப மா அரிக்கிற அரிதட்டை எடுத்துக்கொண்டு போனேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி, கரையோரப் பாசிக்குள் அரிதட்டை விட்டு அள்ளித் தூக்கினேன். தண்ணீர் வடிந்தது. அரிதட்டில் எதுவும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஏதோ துள்ளியது. இறால்கள். பத்துப் பதினைந்து இருக்கும். ஒன்றுகூட இளஞ்சிவப்பு இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தன. உடலுக்குள் வெறும் தேத்தண்ணிச் சாயல் ஒன்று, திரும்பும்போது ஒரு பச்சை மினுக்கம். ஆற்றுத் தண்ணீரையே கொஞ்சம் கெட்டியாக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி.

கரையில் உட்கார்ந்துவிட்டேன். மீனின் வயிற்றில் நான் பார்த்தது செத்த இறால். வயிற்றுப் புளிப்பில் வெந்து நிறம் மாறிய இறால். பெயின்ற் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்லிக் கொடுப்பவள், மூன்று மாதமாகச் செத்ததின் நிறத்தை உயிருள்ளதுக்குப் பொருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பையிலிருந்த இளஞ்சிவப்புப் புழுவை எடுத்துப் பார்த்தேன். அதை நான் எங்கிருந்து தேர்ந்தெடுத்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. கிணற்றடியில் வைக்கச் சொன்ன கோப்பையின் அச்சொட்டான நிறம்.

மறுநாள் தூண்டில் கடைக்கு, அரிதட்டு இறால்கள் நீந்துகிற ஜாம் போத்தலோடு போனேன். தாடிக்காரரிடம் அதைச் சுவர்ச்செதில்போல நீட்டினேன். "இதே நிறம் வேண்டும். சரியாக இதே நிறம்." அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுவரின் கீழ்வரிசையில், யாரும் தொடாத மூலையிலிருந்து ஒரு பையை எடுத்தார். பெயர்: மோட்டர் ஓயில். பைக்குள் பார்க்கும்போது கராஜ் தரையில் சிந்திய எண்ணெய் மாதிரி அசிங்கமாக இருந்தது. ஒன்றை எடுத்து இறால்களின் நடுவே போட்டார். போட்ட புழு எங்கே என்று இரண்டு பேரும் தேடினோம்.

அந்த வாரமே முதல் மீன் அகப்பட்டது. அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லை.

மே மாதம் பிறந்தால் ஆற்றில் பாஸ் பிடிக்கக்கூடாது. செப்டம்பர் வரும்வரை தடை. அது முட்டையிடப் போகிற காலம். நன்னீரில் வளர்ந்து நன்னீரில் தின்று கொழுக்கிற இந்த மீன், முட்டையிட மட்டும் ஆற்றோடு கீழிறங்கி உப்புத் தண்ணீரின் விளிம்புவரை போகும். அதனால் ஏப்ரலின் கடைசி ஞாயிறு எங்கள் கூட்டத்துக்குப் பெரிய நாள். இடையில் வந்த கூட்டங்களிலெல்லாம் வெங்காயமே உரித்துக்கொண்டிருந்த நான், அன்று தூண்டில் தடியோடு இறங்கினேன்.

"ஆ! பிள்ளையும் போட்டிக்கோ? பின்னை, ரத்தத்திலை இருக்கிறது எங்கை போகும்!" சபேசன் அண்ணை அதே சிரிப்போடு வந்தார். அவருடைய தூண்டிலில் கண்ணைக் குத்துகிற பச்சைமஞ்சள் புழு ஒன்று தொங்கியது. எட்டிப் பார்த்தார். "இதென்ன சாமான்? என்ஜின் ஓயிலுக்கை விழுந்து செத்தது மாதிரி?"

"இந்தத் தண்ணிக்கு இதுதான் அண்ணை. இஞ்ச இருக்கிற இறால் இந்த நிறம். உங்கட பச்சையைக் கண்டால் மீன் ஓடும். வேணுமெண்டால் இரண்டு தாறன், போடுங்கோ."

உண்மையைத்தான் சொன்னேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் வாயிலிருந்து வருகிற உண்மையை அவர் எடுக்கமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். மூன்று மாதம் நான் தேடிய நிறத்தை அவருடைய உள்ளங்கை உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றேன். என்னிடமிருந்து ஒரு கோப்பை தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிற மனிதரிடமிருந்து அதை ஒளித்து வைக்க என் கையைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

"உதை நீரே வைச்சிரும்," என்றார். செல்லமாகக் கூப்பிடுகிற 'பிள்ளை' போய், ஒரு படி தள்ளி நிறுத்துகிற 'நீர்' வந்தது. அந்தச் சின்ன இறக்கத்தையும் குறித்துக்கொண்டேன்.

பத்து மணியளவில், விழுந்து கிடந்த சவுக்கின் அடியில் எனக்கு இழுத்தது. அளவுப் பாயில் கிடத்தி ஜெனிதான் அளந்தாள். நாற்பத்து நான்கு சென்ரிமீற்றர். சபேசன் அண்ணையின் மீன் முப்பத்தொன்று. அவர் குனிந்து இரண்டு தரம் பாயைப் பார்த்தார். வால் சரியாகக் கிடக்கிறதா என்று விரலால் தட்டினார். நாற்பத்து நான்குதான். நான் மீனைத் தூக்கி, தண்ணீரில் பிடித்து, செவுள் அசையும்வரை காத்திருந்து கையைத் திறந்தேன். அது உப்பை நோக்கிப் போகவேண்டிய தாய் மீனாக இருக்கலாம். மீனை விட்டுவிட்டேன். மனிதரை விடுவதாக இல்லை.

கதிரையில் போய் இருந்தேன். இருப்பதற்கு அது ஒன்றும் வசதியான கதிரை அல்ல. துணி தொய்ந்து, முதுகில் கம்பி குத்துகிறது. வாளியில் ஒன்பது மீன்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் அவசரப்படவில்லை. அவர் பார்த்த மாதிரியே ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

"சபேசன் அண்ணை."

அவருடைய பார்வை வாளிக்குப் போய் வந்தது. பிறகு அவர் சிரித்தார். "எனக்கு நாரி நோ, பிள்ளை. குனிய ஏலாது. புஷ்பா, வாரும், நீர் வெட்டும்."

அவருடைய மனைவி புஷ்பா அக்கா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு சொல்லும் கேட்காமல் எழுந்த விதத்தில், அவர் எத்தனை முறை இப்படி எழுந்திருப்பார் என்பது தெரிந்தது. அவர் ஒரு கூட்டத்திலாவது அதிர்ந்து கதைத்து நான் கேட்டதில்லை.

"அக்கா, நீங்கள் இருங்கோ," என்றேன். "அண்ணைக்கு மேசை தாறம். குனியத் தேவையில்லை. நவம்பரிலை எனக்கு மேசை தரேல்லை, அண்ணை. நான் குந்தியிருந்துதான் வெட்டினனான்."

"அது சும்மா பகிடிக்கு..."

"இதுவும் பகிடிதான். சிரியுங்கோவன்."

யாரோ மடக்கு மேசையைக் கொண்டுவந்து விரித்தார்கள். கொண்டுவந்தது யூட் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். சபேசன் அண்ணை கத்தியை எடுத்தார். அவருக்கு மீன் வெட்டத் தெரியாது. அறுபத்தாறு வருடம் மீன் தின்றவருக்கு அதன் வயிறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. செதிலை வாலிலிருந்து தலைக்குச் சுரண்டாமல் தலையிலிருந்து வாலுக்குத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் செதில் ஒட்டியது. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்பேன் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். எனக்கும் வரவில்லை. அதற்காக நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஒன்பதையும் வெட்டும்வரை கதிரையை விட்டு அசையாமல் இருந்தேன்.

நான்காவது மீனில் கத்தி ஆழமாக இறங்கியது. பித்தப்பை உடைந்தது. வெள்ளைத் தசையில் பச்சைமஞ்சளாக ஒன்று பரவியது. அவருடைய தூண்டிலில் தொங்கிய புழுவின் அதே நிறம். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. விரலால் வழித்துவிட்டு அடுத்த மீனை எடுத்தார். பித்தம் பட்ட இடத்தை உடனே வெட்டி எறிந்து உப்புப் போட்டுக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் சட்டி முழுக்கக் கசக்கும் என்பதை நான் சொல்லியிருக்கலாம். ஐந்தாவதிலும் உடைந்தது. ஏழாவதிலும். நான் நிமிர்ந்தபோது எதிரே புஷ்பா அக்கா நின்றார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய கண் பச்சையில் இருந்தது. பிறகு என் மீது வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பித்தம் பட்டதை ஒதுக்காமல் மீன் துண்டுகளை அள்ளிக்கொண்டுபோய்க் கொதிக்கிற குழம்பில் போட்டார்.

எல்லோரும் சாப்பிட்டோம். முதல் வாயிலேயே எல்லோருக்கும் தெரிந்தது.

"புளி கொஞ்சம் வேறை மாதிரியோ?" என்றார் ஒருவர்.

"வெந்தயம் கூடிப்போச்சுப் போலை," என்றார் இன்னொருவர்.

"ஓமோம், வெந்தயம்தான்."

கசக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நவம்பரில் எப்படிச் சொல்லவில்லையோ, அப்படியே. சபேசன் அண்ணை குனிந்த தலையோடு மென்று மென்று விழுங்கினார். புஷ்பா அக்கா வந்து, கேட்காமலேயே என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். தன் தட்டிலும் வைத்தார். நான் அதையும் சாப்பிட்டேன், முள்ளைச் சூப்பி. அவ்வளவு ருசியான மீனை நான் இந்த நாட்டில் சாப்பிட்டதில்லை.

சாமான்களை ஏற்றும்போது சபேசன் அண்ணை என் காரடிக்கு வந்தார். மன்னிப்பு ஏதும் கொண்டுவரவில்லை. நகத்துக்குள் இன்னும் செதில் இருந்தது.

"செப்டம்பரிலை திறக்கும், பிள்ளை. பாப்பம்."

"பாப்பம் அண்ணை."

வழியில் ஜெனி கேட்டாள், "நெக்ஸ்ற் ரைம் ஹீ வின்ஸ் எண்டால்?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வென்றால் என் பெயர்தான் வரும். வராமல் இருக்கவேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் நான் வெல்லவேண்டும். வெல்ல வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் போகவேண்டும். பெயர் சொல்லி அவமானப்படுத்துகிறவர்களிடமே, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்தக் கண்டத்தில் வேறு ஆளில்லாததால். "அப்ப நாங்கள் நல்லாப் பிராக்ரிஸ் பண்ணவேணும்," என்றேன். நாங்கள் என்று வந்த பிறகுதான், அவளையும் இதற்குள் இழுத்துவிட்டேன் என்பது தெரிந்தது.

நெடுஞ்சாலையில் பின்னேர வெயில் கண்ணில் குத்தாமல் முதுகில் விழுந்தது. ஆறு எங்களுக்குப் பின்னால் வேறு திசையில், உப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்து நான்கு சென்ரிமீற்றர் அதற்குள் எங்கேயோ இருக்கும். ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்த என் கைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். வலது கையில் புழுப் பையின் பெருஞ்சீரக வாசம். இடது கையில், மூன்று முறை சவர்க்காரம் போட்டும் போகாத மீன் வாசம். இரண்டு கையையும் ஒன்றாக வைத்தால்தான் கார் நேராகப் போனது.